வெயிலூரில் ஏன் இந்த நடுக்கம்? மந்தாரக் குளிரும் பனிக் குளிரும்

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பதால் வேலூருக்கு 'வெயிலூர்' என்று பட்டப்பெயர். அதே ஊர் மார்கழி பிறந்ததும் 'சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை' என்ற வரியிலும் அடிக்கடி வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் 'வேலூரில் கடும் பனிப்பொழிவு' என்று எழுத்து ஓடுகிறது. வானிலை மையமோ 'வறண்ட வானிலை நிலவக்கூடும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. குளிர் அலை என்று ஒரு சொல்லும் இல்லை. விடியற்காலையில் பால் வாங்கப் போய் விரல் விறைத்துத் திரும்பியவருக்கு இதில் யாரை நம்புவது என்று புரிவதில்லை.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு வரும் இரண்டு வேறு வேறு நிலைமைகளை நாம் 'குளிர்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்று மேகம் வந்ததால் வருவது. மற்றது மேகம் இல்லாததால் வருவது. ஒன்றில் பகல்தான் சிக்கல், மற்றதில் விடியல். ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு மற்றதற்குப் பாதியும் பயன்படாது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. பனி: காற்றிலுள்ள ஈரம், குளிர்ந்த புல்லிலும் இலையிலும் வண்டி இருக்கையிலும் நீர்த்துளியாகப் படிவது. இது வானத்திலிருந்து பொழிவதில்லை. பக்கத்துக் காற்றிலிருந்தே படிகிறது. ஆகவே 'பனிப்பொழிவு' என்று செய்தி சொல்லும்போது உண்மையில் எதுவும் பொழியவில்லை.

2. மூடுபனி: ஈரம் தரையில் படியாமல் காற்றிலேயே நுண்துளிகளாக மிதப்பது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேகம் என்றும் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியும் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைத் துறை இதை மூடுபனி என்று குறிக்கும். 500 முதல் 200 மீட்டர் வரை மிதமானது, 200-க்குக் கீழே அடர்த்தியானது, 50-க்கும் கீழே போனால் மிக அடர்த்தியானது.

3. உறைபனி: தரையின் வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கும்போது ஈரம் வெள்ளைப் படிகமாகப் படிவது. ஊட்டியில் உண்டு. வேலூர் சமவெளிக்கு இதனோடு தொடர்பில்லை.

4. வெண்பனி: காஷ்மீரில் பஞ்சுபோல் விழுவது. 'கடும் பனிப்பொழிவு' என்ற தலைப்பைப் பார்த்து வெளியூர் உறவினர் இதைக் கற்பனை செய்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை.

5. குளிர் அலை: இதற்கு இந்திய வானிலைத் துறையிடம் கறாரான அளவு இருக்கிறது. சமவெளி நிலையம் ஒன்றில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அதோடு அந்த நாளுக்கான இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். இயல்பு எதுவானாலும் 4 டிகிரிக்கு இறங்கினால் அதுவும் குளிர் அலையே.

ஐந்தாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேலூரில் ஜனவரி மாதக் குறைந்தபட்சத்தின் இயல்பு சுமார் 18 டிகிரி. ஒரு நாள் 13-க்கு இறங்கினால் இயல்பைவிட 5 டிகிரி குறைவு. டெல்லியில் இதே அளவு வீழ்ச்சி வந்தால் குளிர் அலை அறிவிப்பு வந்துவிடும். அங்கே தொடக்கமே தாழ்வு. இங்கே 10 என்ற முதல் வாசலைக் கடக்காததால் அறிவிப்பு வராது. அளவுகோலில் தவறில்லை, அது வடக்கத்திய சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் 18-க்குப் பழகிய உடலும், வெயிலைத் தடுப்பதற்காகவே கட்டப்பட்ட வீடும் 13-ல் படும் பாட்டை அந்த அளவுகோல் பார்ப்பதில்லை. அறிவிப்பு இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேகம் தரும் குளிர்: மந்தாரம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையிலும் மார்கழித் தொடக்கத்திலும், வங்கக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகி வட தமிழகக் கரையை நெருங்கும்போது வருவது இது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரையேறிய மாண்டஸ் புயல் வலுவிழந்து உள்மாவட்டங்களின் பக்கம் நகர்ந்தது நினைவிருக்கும். இத்தகைய நாட்களில் வானம் முழுக்க மூடிக் கிடக்கும். வெயில் தரையைத் தொடாது. 29, 30 டிகிரி இருக்க வேண்டிய பகல் 24-லேயே நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியது இரவை. மேகப் போர்வை இருப்பதால் தரையின் வெப்பம் வெளியேற முடியாது. இரவு வெப்பநிலை அதிகம் இறங்காது. பகலுக்கும் இரவுக்கும் நாலைந்து டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. வெப்பமானியைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆட்கள் நடுங்குகிறார்கள். ஏன்?

ஈரமும் காற்றும்தான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை. நனைந்த சட்டையோடு ஊதக்காற்றில் இருசக்கர வண்டி ஓட்டுபவரின் உடல்தான் அந்த வெப்பத்தைக் கொடுக்கிறது. எனவே 22 டிகிரியில் நனைந்தவர், 15 டிகிரியில் உலர்ந்த உடையோடு இருப்பவரைவிட அதிகமாக நடுங்கலாம். இந்தக் குளிருக்குத் தற்காப்பு கம்பளி அல்ல, உலர்ந்த துணி. மழைச் சட்டையும், பைக்குள் பிளாஸ்டிக் உறையில் மாற்றுடையும் ஸ்வெட்டரைவிட உதவும்.

மந்தாரத்தில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் குளிர் அல்ல. நீரில் ஊறிய சுவர். பாலாற்றில் வெள்ளம் புரண்ட 2021 நவம்பரில், பேர்ணாம்பட்டில் கனமழையின்போது சுவர் இடிந்து வீட்டின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். மண் சாந்தில் கட்டிய பழைய சுவரும், ஓட்டு வீட்டை ஒட்டி எழுப்பிய பக்கத்து வீட்டு உயரச் சுவரும் மூன்றாம் நாள் மழையில்தான் ஆபத்தானவை, முதல் நாளில் அல்ல. மழை விட்டபின் வெயில் அடிக்கும்போதும் விழக்கூடும். குளிருக்கு ஒடுங்கி அந்தச் சுவரோரமே பாயைப் போடும் பழக்கத்தை அந்த வாரத்தில் மட்டுமாவது மாற்றிக்கொள்ளலாம்.

மேகம் இல்லாததால் வரும் குளிர்: பனி

இதுதான் 'வேலூர் குளிர்' என்று பேசப்படுவது. படிப்படியாகப் பார்த்தால்:

1. பருவமழை பின்வாங்கியதும் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் உலர்ந்த வாடைக்காற்று இறங்குகிறது. வானம் துடைத்ததுபோல் ஆகிறது.

2. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவு முழுக்க அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகமோ, காற்றில் நிறைய ஈரமோ இருந்தால் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக் கீழே திருப்பிவிடும். இரண்டும் இல்லாத இரவில் வெப்பம் போனது போனதுதான்.

3. காற்று அசையாமல் இருந்தால் தரையை ஒட்டிய அடுக்கு மட்டும் மேலும் மேலும் குளிர்கிறது. மேலே 100, 200 மீட்டரில் கீழே இருப்பதைவிட வெப்பம் கூடுதலாக இருக்கும். வழக்கம் தலைகீழாவதால் இதற்கு 'வெப்பநிலைத் தலைகீழ்' என்று பெயர்.

4. கடல் பக்கத்தில் இருந்தால் அதன் ஈரக்காற்று இந்த வீழ்ச்சியைத் தடுத்திருக்கும். சென்னையைக் காப்பாற்றுவது அதுதான். வேலூர் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது.

மே மாதத்தில் வேலூரைக் கொதிக்க வைப்பதும் இந்த நான்காவது காரணம்தான். கடற்காற்று தாமதமாக, களைத்துப்போய் வந்து சேரும் ஊர் கோடையில் கூடுதலாகச் சூடேறும், பனிக்காலத்தில் கூடுதலாகக் குளிரும். வெயிலூர் என்ற பெயரும் இந்த நடுக்கமும் ஒரே வேரில் முளைத்தவை.

தெளிந்த வானத்துக்கு இந்த மலைகளே சாட்சி. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986-ல் அர்ப்பணிக்கப்பட்டது. நட்சத்திரம் பார்க்க வந்தவர்களுக்கு எந்த வானம் வாய்ப்பாக இருந்ததோ, அதே வானம்தான் கீழே குடியாத்தத்தில் லுங்கியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்கிறது.

பள்ளத்தாக்கு செய்யும் வேலை

வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் பாலாற்றின் ஓரத்தில், ஒருபுறம் ஜவ்வாது மலைத்தொடரும் மறுபுறம் ஆந்திர எல்லைக் குன்றுகளுமாகக் கிடக்கும் தாழ்நிலம். குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று, தண்ணீர்போலவே சரிந்து இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். ஏலகிரி குளுமையாக இருப்பது அதனால். ஆனால் பனி இரவுகளில் மலைச்சரிவின் நடுவிலிருக்கும் வீட்டைவிட அடிவாரத்து ஓடைக்கரை வீட்டில் குளிர் கூடுதலாக இருப்பதுண்டு.

தேங்கிய குளிர்காற்றில் ஏரி, வாய்க்கால், நனைந்த வயல் இவற்றின் ஈரம் சேர்ந்தால் மூடுபனி. நல்ல மழைக்காலத்துக்கு அடுத்த மார்கழியில் மூடுபனி அதிகமாகத் தெரிவது இதனால்தான். வேலூர் கோட்டை அகழியின்மேல் விடியலில் ஆவி எழுவது போலத் தெரிவது இன்னொரு வகை: நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதன்மேல் காற்று குளிர்ந்திருக்கிறது.

மேலே வெப்பம், கீழே குளிர் என்ற தலைகீழ் அடுக்கு ஒரு மூடிபோல் செயல்படுவதால் புகையும் மேலே போகாது. போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தினால் அந்தத் துகள்களைச் சுற்றி நீர் படிந்து மூடுபனி கெட்டியாகிறது. பழைய பாயை எரிக்கும் சடங்கோடு எனக்குச் சண்டை இல்லை. அதை விடிகாலை நாலு மணிக்கு, மூடி இறுகியிருக்கும் நேரத்தில் செய்வதுதான் கெடுதல்.

முன்பனி, பின்பனி

மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இரவின் முற்பகுதியில் பனி விழுவது முன்பனி, பிற்பகுதியில் விழுவது பின்பனி என்பது பழைய விளக்கம். இன்றைய இயற்பியலோடு இது நன்றாகவே பொருந்துகிறது. மழை முடிந்த சூட்டில் மண்ணிலும் காற்றிலும் ஈரம் மிச்சமிருப்பதால், மார்கழியில் கொஞ்சம் குளிர்ந்தாலே பனி படியத் தொடங்கிவிடுகிறது. மாசியில் காற்று உலர்ந்துவிட்டது, பகலும் சூடாகிவிட்டது. நள்ளிரவுக்குப் பின் வெகுவாகக் குளிர்ந்தால்தான் துளி சேரும்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழிக்கும் பாதி விளக்கம் இதில் இருக்கிறது. மாசியில் பகல் 33, விடியல் 18 என்று ஒரே நாளில் 15 டிகிரி ஏறி இறங்கும். உடம்புக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் தாங்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. நீண்ட இரவு டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்துபோனாலும், நம் அட்சரேகையில் சூரிய உதயம் ஜனவரி மூன்றாவது, நான்காவது வாரம்வரை தள்ளிக்கொண்டே போகிறது. பொங்கல் சமயத்தில் வேலூரில் 6.35 மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப்பார்க்கும். நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு அல்ல. சூரியன் எழும் சமயம். ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்புபவர் சரியாக அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

நெடுஞ்சாலையில் ஒரு கணக்கு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் இந்தப் பள்ளத்தாக்கின் அடியிலேயே ஓடுகிறது. மூடுபனியில் விபத்து ஏன் நடக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். முன்னே நிற்கும் லாரியைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி; அதற்குள் 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 40 மீட்டர். மொத்தம் 73. கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டர் என்றால் மோதல் உறுதி. வேகம் 40 என்றால் மொத்தம் 27 மீட்டரில் நின்றுவிடலாம். பனியில் நனைந்த சாலையில் இரண்டு கணக்கும் கூடும்.

ஹை பீம் போட்டால் நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம்தான் சரி. சாலையோரத்தில் வண்டியை நிறுத்துவதானால் தார்ச் சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்த வேண்டும். மூடுபனி பெரும்பாலும் எட்டு, எட்டரைக்குள் கலைந்துவிடும். ஒரு டீ குடிக்கும் நேரம் தள்ளிக் கிளம்புவது எந்த விளக்கையும்விட மேல்.

வீடும் உடம்பும்

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைகள்தான் பனிக் குளிரில் முதலில் தோற்பவை. மெல்லிய ஷீட் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வீட்டுக்குள் இருப்பவர்களின் மூச்சு ஈரம் அதன் அடியில் படிந்து விடிகாலையில் சொட்டும். 'கூரை ஒழுகுது' என்று ஓட்டையைத் தேடுபவர்கள் உண்டு, ஓட்டையே இருக்காது. ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பாயோ தார்ப்பாயோ இழுத்துக் கட்டினால் இடையில் நிற்கும் காற்றே தடுப்பாகும். ஓலைக் கூரைக்கு இந்தத் தொல்லை குறைவு. தரையில் படுப்பவர்கள் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதில் கவனம் வைக்க வேண்டும்: பாய்க்கு அடியில் சாக்கு அல்லது அட்டை. தடித்த ஒரு போர்வையைவிட மெல்லிய இரண்டு அதிகம் காப்பதற்கும் இடையில் சிக்கும் காற்றுதான் காரணம்.

ஆபத்துகளில் சில குளிரால் வருவதில்லை, குளிரைப் போக்கச் செய்யும் வேலையால் வருபவை.

1. மூடிய அறையில் கரி அடுப்பு. கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். மலை ஊர்களில் இப்படி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய்த் தங்குபவர்கள் நெருப்பை வெளியே காய்ந்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் இதே கணக்குதான்.

2. வாளியில் போடும் ஹீட்டர் ராடு. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இரும்பு வாளி வேண்டவே வேண்டாம்.

3. குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போடும் சாம்பிராணிப் புகை. பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு அது மணமல்ல, புகை மட்டுமே.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. எடை குறைந்த குழந்தைக்கு மிகச் சிறந்த ஹீட்டர் தாயின் மார்புதான். தோலோடு தோலாக அணைத்து, தலையில் குல்லாய் போட்டு, மேலே போர்த்துவதை 'கங்காரு பராமரிப்பு' என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. குளிப்பாட்டுவதை முற்பகல் வெயிலுக்குத் தள்ளிவைக்கலாம்.

முதியவர்களுக்கு வேறு பிரச்சினை. குளிரில் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயுள்ளவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் நடைப்பயிற்சியை ஏழரைக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீர் குடிப்பது தானாகக் குறைந்துவிடும். அதையும் பார்க்க வேண்டும். பேச்சு குழறி, நடுக்கம் நின்று, மந்தமாகக் கிடந்தால் அது தூக்கம் அல்ல. உடல் வெப்பம் 35-க்குக் கீழே போயிருக்கலாம், உடனே மருத்துவமனை.

வயலிலும் தோப்பிலும்

இங்கே இரண்டு குளிர்களின் வேறுபாடு பணக் கணக்காகவே தெரியும். மாமரம் பூக்க இரவுக் குளிர் வேண்டும். தெளிந்த வானம், உலர்ந்த காற்று, குளிர்ந்த இரவு என்றால் குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்துத் தோப்புகளுக்குக் கொண்டாட்டம். பூ எடுத்தபின் மந்தாரமோ தொடர் மூடுபனியோ வந்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் சேர்ந்து பூவைக் கருக்கிவிடும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிப்பது சாம்பல் நோய்க்குப் பரிந்துரைக்கப்படும் முறை.

நவரை நெல் பட்டத்துக்கு மார்கழியில் நாற்று விடுபவர்களுக்குப் பனிக் குளிர் எதிரி. முளைப்பு மந்தமாகும், நாற்று மஞ்சளாகும். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில், நிழல் கூண்டுக்குள் இருப்பது. நாற்றின் நுனி இருக்கும் உயரத்தில் வெப்பம் அதைவிட இன்னும் சில டிகிரி குறைவு. கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில், இருபத்தாறு இருபத்தேழு டிகிரியில் இருப்பதால் விடியலில் அது வெந்நீர்தான். மாலையில் நாற்றங்காலுக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சி, குளிர்ந்துபோன நீரைக் காலையில் வடித்துவிடுவது கைகண்ட வழி. விதையை முளைகட்டும்போது சாக்கு மூட்டையை வைக்கோலால் போர்த்தி வைப்பதும் அப்படியே.

மல்லிகைக்கு இரண்டு குளிரும் ஆகாது. மொட்டு குறையும், மார்கழி, தையில் கிலோ விலை ஆயிரங்களில் பேசப்படும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

வானிலை மையத்தின் அன்றாட அறிக்கையில் மூன்று தொடர்களைக் கண்டால் இப்படிப் பொருள் கொள்ளலாம்.

1. 'வறண்ட வானிலை நிலவக்கூடும்': மழை இல்லை என்ற நல்ல செய்தியாகத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு அது இரவுக் குளிரின் முன்னறிவிப்பு.

2. 'இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி குறைவாக இருக்கக்கூடும்': எது குறையும் என்று பார்க்க வேண்டும். அதிகபட்சம் குறைந்தால் மந்தாரம், குடையும் மாற்றுடையும். குறைந்தபட்சம் குறைந்தால் பனி. போர்வையும் தாமதப் பயணமும்.

3. 'அதிகாலை வேளையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம்': அந்த ஓரிரு இடங்கள் ஆற்றோரமும் ஏரிக்கரையும்தான். உங்கள் மொட்டைமாடியிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரியலாம். பாலத்தில் ஏறும்போது எதுவும் தெரியாமல் போகலாம்.

அறிக்கை கைக்கு வராத நாளில், இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று பார்த்தால் போதும். வேப்பிலை அசையவில்லை, நட்சத்திரங்கள் எண்ணும்படி தெளிவாக இருக்கின்றன, வண்டி இருக்கை அதற்குள்ளேயே கைக்கு ஈரமாகப் படுகிறது என்றால், காலை ஐந்தரை மணி பெங்களூரு பயணத்தை எட்டரைக்கு மாற்றிக்கொள்ளலாம்.